முப்பத்தெட்டு புரோகிராம்

ஜெயமணியின் அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் ‘டைப்பிஸ்ட்’ என்று போட்டிருந்தது. அவள் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமா. ஓசூரில் புஷ் என்னும் உலோக வளையங்களைக் கடைந்து கொடுக்கும் அந்தக் கம்பெனியில் 1992இல் கம்ப்யூட்டரில் ஓடும் முதல் சிஎன்சி லேத் வந்து இறங்கியபோது, அதை ஓட்டத்தான் அவளை எடுத்தார்கள். புரோகிராமை பட்டன் தட்டி ஏற்ற வேண்டும் என்பதைப் பார்த்த முதலாளி வெங்கடசாமி, பட்டன் தட்டுகிறவளுக்கு வேறென்ன பேர் என்று டைப்பிஸ்ட் ஆக்கிவிட்டார். சம்பளமும் அந்த கிரேடுதான். பக்கத்தில் பழைய லேத் ஓட்டியவர்கள் எல்லாரும் ஆபரேட்டர்கள். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவள் செய்ததை டைப் அடிப்பது என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். டிராயிங்கைப் பார்த்துக் கணக்குப் போட்டு ஒவ்வொரு வெட்டையும் அவளே தன் நோட்டில் எழுதுவாள். புள்ளி ஒன்று விட்டுப்போனால் ஐம்பது மில்லிமீட்டர் ஐம்பது மைக்ரான் ஆகிவிடும். அதனால் புதுப் புரோகிராமை முதலில் ஜாப், அதாவது கடைய வேண்டிய உலோகத் துண்டு, மாட்டாமல் காற்றில் ஓட்டுவாள். பிறகு ஜாப் மாட்டி, ஒவ்வொரு வரியாக நிறுத்தி, மெஷினைச் சட்டென நிறுத்தும் சிவப்புப் பட்டன்மேல் கையை வைத்துக்கொண்டே ஓட்டுவாள். அடுத்த ஷிப்டுக்காரன் டூல் அளவைத் திருத்திவிட்டு ஷிப்டு நோட்டில் எழுதாமல் போவான். காலையில் முதல் நாலு புஷ் ரிஜெக்ட் ஆகும். திட்டு இவளுக்கு. ஆபரேட்டர் என்று மாற்றித் தரச் சொல்லி இரண்டு வருஷத்தில் ஆறு மனு கொடுத்தாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

தொண்ணூற்று நான்கு ஆவணியில் திரையின் ஓரத்தில் பேட்டரி எச்சரிக்கை மினுக்க ஆரம்பித்தது. மெயின் சுவிட்சை அணைத்தால் புரோகிராமையெல்லாம் காப்பாற்றுவது அந்த பேட்டரிதான். மெஷின் ஆனில் இருக்கும்போதே அதை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துவிடும். சூப்பர்வைசர் கந்தனிடம் மூன்று முறை சொன்னாள், எழுதியும் கொடுத்தாள். மெஷின் நன்றாகத்தானே ஓடுகிறது என்று அவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆயுத பூஜை வந்தது. வாழைக்கன்று கட்டி, திரைக்குக்கூடச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். நாலு நாள் லீவு. மெஷினை ஓட்ட வேண்டாம், மெயினை மட்டும் அணைக்காமல் விடுங்கள் என்று ஜெயமணி கெஞ்சினாள்.

“பூஜ போட்ட மெஷினுக்கு கரன்ட் உடக்கூடாதும்மா. வருசத்துக்கு ஒரு தடவ அதுவும் ரெஸ்ட் எடுக்கட்டும்” என்று கந்தன் மெயினை இறக்கினார். பொரிப் பொட்டலத்தோடு ஜெயமணி ஊருக்கு ராயக்கோட்டை பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை மெயினைப் போட்டால், உள்ளே ஒரு புரோகிராம்கூட இல்லை. பெங்களூரிலிருந்து வந்த சர்வீஸ் இன்ஜினியர் மெஷினுக்கு உரிய எண்களைத் தன் தாளைப் பார்த்து ஏற்றி, புது பேட்டரி மாட்டினார். புரோகிராம் உங்கள் பாடு என்று கிளம்பிவிட்டார். புதன்கிழமை லோடு போயாக வேண்டும். வெங்கடசாமி நேரே ஜெயமணியிடம் வந்தார்.

“எல்லாத்தையும் திருப்பி டைப் அடிச்சிடும்மா. உனக்கென்ன, டெய்லி அடிக்கறதுதானே.”

மன்னிப்பாக ஒரு வார்த்தை இல்லை.  ஜெயமணி குரலை உயர்த்தவில்லை.

“அடிக்கிறேன் சார். டைப்பிஸ்டுக்கு மேட்டர் எழுதிக் குடுக்கணுமில்ல? எழுதிக் குடுங்க, பாத்து அடிச்சிடறேன்.”

முதலாளி கந்தனைப் பார்த்தார். கந்தன் டிராயிங்கை விரித்து, பென்சிலை எடுத்து, புஷ் நம்பரை எழுதினார். அதற்குமேல் பென்சில் நகரவில்லை. அதைக் கீழே வைத்துவிட்டு ஜெயமணியிடம் திரும்பினார்.

“உம் பையில ஒரு நோட்டு வெச்சிருக்கியேம்மா, எல்லாம் அதுல இருக்குதுல்ல?”

“இருக்குது சார். முப்பத்தெட்டும் இருக்குது. அது ஆபரேட்டர் நோட்டு.”

வெங்கடசாமி ஆபீசுக்குள் போனார். சாயங்காலத்துக்குள் புது லெட்டர் வந்தது. ‘சிஎன்சி ஆபரேட்டர்’ என்று தெளிவாக இருந்தது. ஜெயமணி அதை மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தாள். பதவி அன்றைய தேதியிலிருந்துதான் தொடங்கியது. அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் அவள் டைப்பிஸ்ட்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.