ஆறு காலைகள், ஒரு ஸ்கூட்டர்: கரமனையிலிருந்து விழிஞ்ஞம் வரை

விடுமுறையைப் பயனுள்ள முறையில் கழிப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கொடுத்தே இருபது வருடம் ஓட்டியவள் நான். என் சொந்த விடுமுறைகளோ விடைத்தாள் திருத்துவதிலும் பரணில் கிடக்கும் பாத்திரங்களை இறக்கித் துலக்குவதிலும் போய்விடும். இந்த அரையாண்டு விடுமுறையை மட்டும், டிசம்பர் 24 முதல் ஜனவரி 1 வரை ஒன்பது நாளையும், முழுதாக எனக்கென்று எடுத்துக்கொண்டேன். ஞானோதயம் ஒன்றும் வந்துவிடவில்லை. கழுத்தில் கத்தி இருந்தது.

தலைமையாசிரியராகப் பதவி உயர்வு வந்திருந்தது. அந்தப் பள்ளி நாகர்கோவில் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து 14 கிலோமீட்டர். காலையில் ஒரே பேருந்து, அதுவும் அங்கே போய்ச் சேர பத்தேகால் ஆகும். கணவருக்கு எதிர்த்திசையில் எட்டரை மணிக்கு வேலை. ஸ்கூட்டர் ஓட்டினால் பதவி, இல்லையென்றால் இல்லை. உரிமம் என்னவோ பதினோரு வருடமாகக் கையில் இருக்கிறது. அதை வாங்கிய இரண்டாம் மாதமே மகனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு விழுந்தேன். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் அதன்பிறகு நான் வண்டியைத் தொடவில்லை. ஜனவரி 2, பள்ளி திறக்கும் அன்று, பொறுப்பேற்க வேண்டும் அல்லது வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். "எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இரு. ஒனக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்றார் கணவர்.

ஸ்கூட்டர் பழகத் திருவனந்தபுரம் போவானேன் என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு என் மாணவர்கள். டீச்சர் விழுவதைப் பார்க்க டிக்கெட் போட்டால்கூட வாங்குவார்கள். திருவனந்தபுரத்தில் என்னை யாருக்கும் தெரியாது. கரமனையில் தங்கை மீனா இருக்கிறாள். பெண்களுக்குப் பெண்களே வீட்டு வாசலுக்கு வந்து ஸ்கூட்டர் சொல்லிக்கொடுப்பது அங்கே சாதாரணம்.

24ஆம் தேதி காலை 9.20க்கு நாகர்கோவில் வடசேரியில் பேருந்து ஏறினேன். கட்டணம் 92 ரூபாய். களியக்காவிளை தாண்டியதும் நெரிசல், பாலராமபுரத்தில் அதைவிட மோசம். கரமனையில் இறங்கும்போது மணி பன்னிரண்டேகால். தம்பானூர் பேருந்து நிலையம் வரை போக வேண்டியதில்லை, வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். பையில் நான் எழுதிய பாடக்குறிப்பு இருந்தது. முதல் நாள் சமநிலை, இரண்டாம் நாள் திருப்பம், மூன்றாம் நாள் தெரு என்று நோக்கம், செயல்பாடு, மதிப்பீடு எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தேன். மீனா அதைப் பார்த்துச் சிரித்து, "அக்கா, இத ஸ்கூட்டருக்கு வாசிச்சுக் காட்டப் போறியா?" என்றாள்.

பயிற்சி தருபவர் ஷீபா, முப்பது வயது, எல்லையோரப் பாறசாலைக்காரர். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம். கிறிஸ்துமஸுக்கு விடுமுறை எடுத்துக்கொண்டு 26ஆம் தேதி காலை சரியாக 6.15க்கு வாசலில் ஹாரன் அடித்தார். ஆறு நாள், தினம் ஒரு மணி நேரம், அவருடைய வண்டியிலேயே பழகலாம், மொத்தம் 3,000 ரூபாய். முதல் இரண்டு நாள் பக்கத்துப் பள்ளி மைதானத்தில் எட்டுப் போட வைத்தார். காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே போனேன். "டீச்சரே, செருப்பு பாவம், கேட்டோ. காலெ உள்ள வையுங்க" என்பார். இரண்டாம் நாள் முடிவில் காலை உள்ளே வைத்தேன். எனக்கு நானே நூற்றுக்கு எழுபது போட்டேன்.

மூன்றாம் நாள் தெருவுக்கு வந்தோம். அக்ரகாரத் தெரு நேராக, அமைதியாக இருந்தது. ஷீபா பின்னால் நடந்து வந்தார். இருபதில் போய்க்கொண்டிருக்கிறேன், ஒரு வீட்டிலிருந்து மூன்று பிள்ளைகள் பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே ஓடி வந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் பிரேக் பிடித்திருப்பார்கள். நான் வலது கையை உயர்த்தி, உள்ளங்கையை விரித்து, "ஏய்! ஓடாதே, நில்லு!" என்று அதட்டினேன். பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவன் கையைக்கூடக் கட்டிக்கொண்டான். வண்டிதான் நிற்கவில்லை. ஒற்றைக் கையில் ஹேண்டில் கோணிக்கொள்ள, ஓடையோரம் சாய்ந்து விழுந்தேன். முட்டி உரிந்தது, வண்டியின் பக்கக் கண்ணாடி உடைந்தது. கண்ணாடிக்கு 350 ரூபாய்.

இனி எழுதப்போவதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. விழுந்ததும் வலிக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதி. முயன்று பார்த்தாயிற்று, காயமும் சாட்சிக்கு இருக்கிறது, இனி யாரும் குறை சொல்ல முடியாது. கணவருக்குப் போன் போட்டேன். "நான் அப்பமே சொன்னேன்லா. வந்துரு" என்றார். பாசமாகத்தான் சொன்னார். எனக்கும் அது இதமாகத்தான் இருந்தது. அன்று முழுவதும் மீனா வைத்த புளிசேரியும் சோறும் தின்றுவிட்டுப் படுத்துக் கிடந்தேன். சாயங்காலம்தான் உறைத்தது. நான் கற்றுக்கொள்ளக் கரமனை வரை வந்தேனா, கற்றுக்கொள்ள முடியவில்லை என்று சொல்லிக்கொள்ள வந்தேனா? பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாளும் 6.15க்கு ஹாரன். இனி வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என நொண்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

"முட்டி மடங்குதா?" என்றார் ஷீபா.

"மடங்குது. ஆனா..."

"பின்னே எந்தா? ஏறுங்க. நேத்து எதுக்கு டீச்சரே கையெத் தூக்கினீங்க?"

"பிள்ளைங்க ஓடுச்சுல்ல."

"அதுகளெ நிறுத்தறது உங்க ஜோலி இல்ல. உங்க வண்டியெ மட்டும் நிறுத்துங்க. சத்தம் போடணும்னா இடது பெருவிரல்ல ஹாரன் இருக்கு."

அன்று மைதானத்தில் அவர் புதுப் பயிற்சி ஒன்று வைத்தார். நான் ஓட்டி வர வேண்டும், அவர் திடீர் திடீரென்று குறுக்கே நடப்பார். நான் கையைத் தூக்கக்கூடாது, வாயைத் திறக்கக்கூடாது. முதல் ஐந்து முறையும் வாய் திறந்தது. பன்னிரண்டாவது முறை விரல்கள் தாமாகவே பிரேக்கை அழுத்தின. எதிரே வருகிறவர்களை எல்லாம் ஒழுங்குபடுத்துகிற பொறுப்பு என் தோளிலிருந்து இறங்கியது போல் இருந்தது. ஐந்தாம் நாள் மீனாவின் வண்டியில் நானும், தன் வண்டியில் ஷீபாவுமாகப் பழவங்காடி கணபதி கோயில் வரை போனோம். ஐயப்ப பக்தர்கள் கூட்டம், தேங்காய் உடைபடும் சத்தம், முன்னும் பின்னும் பேருந்துகள். அந்தச் சந்திப்பில் நான் யாரையும் அதட்டாமல் கடந்தேன். மதிப்பெண் போட மறந்துவிட்டேன்.

டிசம்பர் 31, கடைசி வகுப்பு. கரமனையிலிருந்து அம்பலத்தறை, திருவல்லம் வழியாக விழிஞ்ஞம். ஏறக்குறைய 14 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை வேண்டுமென்றே நான்தான் கேட்டேன். திருவல்லத்தில் ஷீபா வண்டியை ஓரங்கட்டி, "இனி பைபாஸ், நேர் வழி. எனக்கு ஏழரைக்கு வேற ஆள் உண்டு" என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டார். கோபம் வந்தது, பயமும் வந்தது. திரும்பிப் போவதானாலும் நான்தான் ஓட்ட வேண்டும் என்பதால் முன்னோக்கியே போனேன். பெரிய லாரிகள் கடக்கும்போதெல்லாம் வண்டி லேசாக ஆடியது. நான் ஆடவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்துக்கு 7.05க்கு வந்து சேர்ந்தேன். படகுகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன, ஏலக் குரல்கள், தூரத்தில் புதிய துறைமுகத்தின் ராட்சதக் கிரேன்கள். பால் விடாத கட்டன் சாயா ஒன்று வாங்கிக் குடித்துவிட்டுக் கணவரைக் கூப்பிட்டு, விழிஞ்ஞத்தில் நிற்பதாகச் சொன்னேன்.

"யாரு கூட்டிட்டு வந்தா?" என்றார்.

"யாருமில்ல. நானே வந்தேன்."

"சாப்பிட்டியா?" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பதினோரு வருடம் வெயிலிலும் மழையிலும் என்னைக் கொண்டுபோய் விட்டவர். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அவருக்கு நேரமில்லாத எந்த இடத்துக்கும் இந்தப் பதினோரு வருடத்தில் நான் போனதே இல்லை என்பது மீன் வாசனைக்கு நடுவே நிற்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அழுகை வந்தது. அழுதேன். மீன் வாங்க வந்தவர்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போனார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். உரிமம் கட்டாயம் இருக்க வேண்டும், இல்லையென்றால் முதலில் பழகுநர் உரிமம் எடுங்கள். டிசம்பரில் காலை ஆறேகாலுக்குள் தெருவில் இறங்கிவிடுங்கள், எட்டு மணிக்கு மேல் கரமனைச் சாலை புதியவர்களுக்கு ஆகாது. முழங்கால் மூடும் உடை, கட்டும் செருப்பு, சொந்த ஹெல்மெட். விடுமுறைக்கு ஐந்து லட்சியம் வைக்காதீர்கள், ஒன்று போதும். அதுவும் உங்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுவதாக இருக்கட்டும். விழுந்த நாளில் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

ஜனவரி 2, காலை 8.05க்கு வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினேன். "போயிட்டு ஒடனே போன் பண்ணு" என்று கணவர் வாசலில் நின்று சொன்னார். 8.50க்குப் பள்ளியில் இருந்தேன். பொறுப்பேற்புக் கையெழுத்து, சத்துணவுக் கூடத்துச் சாவி, காத்திருந்த இரண்டு பெற்றோர் என்று வேலை இழுத்துக்கொண்டதில் போன் செய்ய மறந்தே போனேன். பத்தரை மணிக்கு அவரே கூப்பிட்டார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, நான் எங்கே இருக்கிறேன் என்று அவர் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.