ஹிந்தி மாமி வீட்டுத் தொட்டி ஏன் காயவில்லை

1. சாய்ந்த செடி

மயிலாப்பூரில் பிள்ளைகளுக்கு ஹிந்தி சொல்லித்தரும் மாமி ஒருநாள் காலையில் போன் செய்தார். "குமார், ஸ்னேக் பிளான்ட் சாஞ்சுடுத்துப்பா. சித்த வந்து பாரேன்."

எனக்கு அடையாறில் ஒரு நர்சரியில் வேலை. தொட்டி மாற்ற வீடுகளுக்கும் போவேன். மாமி வீட்டுத் தொட்டி ஹால் வாசலில், செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் இருந்தது. கத்தி மாதிரி நிமிர்ந்து நிற்க வேண்டிய இலைகள் மஞ்சளாகி, அடிப்பக்கம் தொட்டால் கொழகொழ என்று இருந்தன. மண்ணில் விரலை விட்டேன். சேறு ஒட்டிக்கொண்டது. சாக்கடை வாடை வேறு. தண்ணீர் அதிகமாகி வேர் அழுகிவிட்டது. இதைத்தான் நாங்கள் ரூட் ராட் என்போம்.

எப்போதாவது ஒரு டம்ளர்தான் ஊற்றச் சொல்லியிருப்பதாக மாமி சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, வீடு துடைத்த தண்ணீரைத் தேவி இதில் கொட்டிவிட்டுப் போகிறாளோ என்று சந்தேகமாக இருப்பதாகவும் சொன்னார்.

தேவி அந்த வீட்டில் பல வருடமாக வேலை செய்பவர். பட்டினப்பாக்கத்திலிருந்து வருவார். உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் காதில் அது விழுந்துவிட்டது. கையைப் புடவையில் துடைத்தபடி வந்து நின்றார்.

"நா இன்னாத்துக்கும்மா ஊத்தப் போறேன்? எம்மேல நம்பிக்கை இல்லன்னா இந்த மாசத்தோட நின்னுக்கறேன்."

எனக்குச் செடியைவிட அந்த இரண்டு பேரைப் பற்றித்தான் கவலையாகிவிட்டது.

2. வெட்டிக் காயவைத்தது

செடியை மண்ணோடு கவிழ்த்து எடுத்தேன். கறுத்துக் குழைந்த வேரையெல்லாம் கத்தரித்தேன். வெள்ளையாக, கெட்டியாக இருந்ததை மட்டும் விட்டுவைத்தேன். அழுகிய இலைகளையும் எடுத்துவிட்டு, மிச்சத்தை நிழலில் பேப்பர் மேல் பரப்பினேன். வெட்டுவாய் காய்வதற்கு முன் நட்டால் திரும்பவும் அழுகும்.

காய்ந்த பிறகு வந்து, அடியில் ஓட்டை உள்ள மண்தொட்டியில் செங்கல் துண்டு போட்டு, செம்மண்ணோடு மணலைத் தாராளமாகக் கலந்து நட்டேன். பழைய மண்ணைத் தூரக் கொட்டினேன். தட்டு வைக்கவில்லை. தட்டில் தேங்கும் தண்ணீரில் வேர் நின்றுகொண்டே இருக்கும். நான் சொல்லும்வரை யாரும் ஒரு சொட்டுகூட ஊற்ற வேண்டாம் என்றேன்.

3. மறுபடியும் ஈரம்

அடுத்த வாரம் சாயங்காலம் போனேன். மண் ஈரமாக இருந்தது. மாமி என்னைப் பார்த்தார், பிறகு துடைப்பத்தோடு நின்ற தேவியைப் பார்த்தார். தேவியின் முகம் சுருங்கிவிட்டது.

ஹாலில் ஹிந்தி வகுப்பு முடியும் நேரம். ஓரமாக நின்றேன். பிள்ளைகள் செருப்பு மாட்ட வந்தார்கள். முதலில் வந்த பெண், வாட்டர் பாட்டிலைத் திறந்து மிச்சத் தண்ணீரைத் தொட்டியில் சாய்த்தாள். பின்னால் இன்னொருத்தி பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தாள்.

"ஏன் கண்ணு இதுல ஊத்தற?" என்றேன்.

"மிச்சம் இருந்தா அம்மா திட்டுவாங்க அங்கிள். தண்ணியே குடிக்கலையான்னு."

மாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடி அசடுகளா, ஒங்கம்மாவுக்குப் பயந்துண்டு என் செடியக் கொன்னேளா?"

தேவி சிரிக்கவில்லை. மாமி அவரிடம் போய் நின்றார்.

"தப்புதான் தேவி. மாசத்தோட நிக்கறேன்னியே, அத மறந்துடு."

"ஒரு காபி போட்டுக் குடும்மா," என்றார் தேவி. "மறந்துர்றேன்."

இப்போது அந்த வகுப்பின் பாதியில் மாமி "பானி பியோ" என்பார். தண்ணீர் குடி என்று அர்த்தம். அத்தனை பேரும் பாட்டிலைக் காலி செய்தாக வேண்டும். பாடமும் ஆயிற்று, தாகமும் தீர்ந்தாயிற்று. தொட்டியைத் தேவி சமையலறை ஜன்னலுக்கு மாற்றிவிட்டார். விரலை விட்டுப் பார்த்து, மண் உள்ளே நன்றாகக் காய்ந்தால்தான் ஊற்றுகிறார். போன முறை போனபோது புதுக்குருத்து ஒன்று கூராக வெளியே வந்திருந்தது. தேவிதான் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

பிள்ளைகளே, வேலையில் நான் படித்த பாடம் இது. தொட்டி காயவில்லை என்றால், யார் ஊற்றினார்கள் என்று சண்டை பிடிக்கும் முன் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பாருங்கள். ஊற்றுகிறவர்களுக்கும் ஒரு காரணம் இருக்கும்.

நம் வீட்டு வாசல் துளசித் தொட்டியும் பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஈரமாகத்தான் இருக்கிறது. உங்கள் அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. நாளையிலிருந்து தண்ணீரைக் குடித்துவிடுங்கள்.