யானை பார்க்கப் போகும் அக்காவின் வயது

அக்கா இதுவரை காட்டில் யானையைப் பார்த்ததில்லை. தடத்தைத்தான் பார்த்திருக்கிறாள். கோலா கங்சார் ஊருக்கு வடக்கே இருந்த ரப்பர் தோட்டத்தில் அவள் பாலெடுக்க மரம் சீவிய காலத்தில், ஒரு காலை வேலைக்குப் போனபோது பக்கத்துக் கன்றுக்காடு சாய்ந்து கிடந்ததாம். ஈர மண்ணில் பதிந்திருந்த ஒரு தடத்துக்குள் தன் இரண்டு கால்களையும் வைத்துப் பார்த்திருக்கிறாள், இரண்டும் அடங்கிவிட்டன. அந்தத் தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. அக்காவும் சிம்பாங் பூலாயில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டாள். தொலைக்காட்சியில் யானை வந்தால் மட்டும் இன்னமும் ஒலியைக் கூட்டுவாள்.

போன தீபாவளிக்கு மறுநாள், மிச்ச முறுக்கை டப்பாவில் அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "ஆப்பிரிக்காவுக்குப் போயி யானைய பாத்துட்டு வருவமாடா? முட்டி நல்லா இருக்கும்போதே போலாம்லா."

அன்று மாலையே புது நோட்டு ஒன்றைத் திறந்தேன். பள்ளி நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். தேதி இல்லாத காரியம் எனக்குப் பிடிபடாது. கென்யா என்று முடிவு செய்தேன். எந்த மாதம் மழை, எந்த வாரங்களில் விலங்குக் கூட்டம் ஆற்றைக் கடக்கும், காலையில் எத்தனை மணிக்கு வண்டி கிளம்பும் என்று நூலகத்திலும் இணையத்திலும் படித்துப் படித்து முக்கால் நோட்டை நிரப்பினேன். அக்கா அதைப் புரட்டிப் பார்த்து, "நீ எழுதி முடிக்கிறதுக்குள்ள யானையெல்லாம் பென்ஷன் வாங்கிரும்" என்றாள்.

கென்யாவுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் நம் நாட்டில் வந்து இறங்கும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். அதற்காக ஒரு செவ்வாய்க்கிழமை ஈப்போவில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் இளம் பெண், தமிழர். அக்காவின் அடையாள அட்டையைப் பார்த்தார்.

"அம்பத்தொம்பதா ஆன்ட்டி? நல்லவேளை. அறுபது தாண்டிட்டா இந்த ஊசிய முதல் தடவையா போட நாங்க ரொம்ப யோசிப்போம். பக்க விளைவு ஆபத்து கூட."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அவளுடைய செருப்பு மட்டும் என் காலை மிதித்தது.

அவளுக்கு உண்மையில் அறுபத்தொன்று. தோட்டத்தில் அன்று பலரும் செய்ததைத்தான் அப்பாவும் செய்தார். பள்ளியில் சேர்க்கும் நேரத்தில்தான் பிறப்புப் பத்திரம் எடுக்கப் போனார். இத்தனை தாமதமா என்று கேட்பார்களே என பயந்து, தோட்டத்துக் கணக்கரான கிராணி சொன்னபடி இரண்டு வயதைக் குறைத்துக் கொடுத்துவிட்டார். அப்பாவின் பெட்டியில் கிடந்த தோட்டத்து ஆஸ்பத்திரி அட்டையை வைத்துச் சரியான தேதியைக் கண்டுபிடித்தவன் நான். அந்த அட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அவளுக்குப் பரிசாகவும் கொடுத்தேன். "அக்காவுக்கு வயசைக் கூட்டிக் குடுக்குற தம்பி உலகத்துலேயே நீ ஒருத்தன்தான்டா" என்று அன்று சிரித்தாள்.

"டாக்டர், அடையாள அட்டையில இருக்கிற தேதி சரியில்லை" என்றேன்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அக்காவின் சர்க்கரை மாத்திரை, போன வருட ஆஸ்பத்திரி வாசம், எல்லாம். பிறகு பேனாவை மூடினார். "எனக்குப் போட மனசு வரல ஆன்ட்டி. யானைய பாக்கணும்னா நீங்க முதல்ல நல்லா இருக்கணும்லா."

காரில் ஏறியதும் அக்கா ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "உன் வாய்க்கு அந்த ஊசிய போட்டிருக்கணும்." தன் வீட்டு வாசலில் இறங்கியவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். வழக்கமாக இரவு உணவுக்குப் பிறகு வரும் தொலைபேசி அழைப்பு புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் வரவில்லை.

அந்த மூன்று நாளும் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். அவள் கேட்டது யானை. ஆறு கடக்கும் கூட்டத்தைக் கேட்டவன் நான். கண்டத்தின் தெற்கே போட்ஸ்வானாவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. அங்கிருந்து திரும்பினால் ஊசிச் சான்றிதழ் கேட்பதில்லை. வழியில் மாறும் விமான நிலையமும் அந்த நோய் இல்லாத நாட்டில் இருக்க வேண்டும். அதையும் பார்த்துக் குறித்தேன். இம்முறை அரைப் பக்கம்தான் எழுதினேன்.

சனிக்கிழமை காலை அந்தப் பக்கத்தோடு அக்கா வீட்டுக்குப் போய், ஜூலையில் போட்ஸ்வானா போகலாம் என்றேன். அதைப் படிக்க அக்கா கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை.

"அங்க யானை இருக்கா?"

"மத்த எல்லா நாட்டையும்விட அதிகம்க்கா."

"ஊசி?"

"வேணாம்."

பிறகு அறைக்குள் போய், கேமரன் மலைக்குப் போக வாங்கிய ஜாக்கெட்டை எடுத்து வந்து என் மடியில் போட்டாள்.

"ஜூலைல அங்க குளிராம். டிவில சொன்னான். இது போதுமான்னு உன் நோட்டுல பாரு."