மகஜரில் முதல் கையெழுத்து

மகஜர் என்ற சொல்லே எனக்கு இப்போதும் ஆகாது. எங்கள் ஆட்களுக்கு எதற்கெடுத்தாலும் மகஜர்தான். தண்ணீர் வரவில்லையா, பஸ் நிற்கவில்லையா, ஒரு தாளில் 'மேற்படி விடயம் தொடர்பாக' என்று தொடங்கி, பத்துப் பேர் கையெழுத்து வைத்து, யாரோ ஒரு அதிகாரியின் கையில் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விடுவோம். எனக்குத் தெரிந்து பலித்த ஒரேயொரு மகஜர் நான் எழுதியது. அதுவும் பலிக்காமல் போயிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

போர்நிறுத்தத்தால் வன்னிக்குப் போகும் பாதை திறந்திருந்த காலம். வவுனியாவில் நான் படித்த பல்கலைக்கழக நூலகத்தில் ஆறு கணினிகள் இருந்தன. அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டவர் ஒரு இளம் விரிவுரையாளர். இதற்கு யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை, எவரும் எடுத்துத் திருத்தலாம், பகிரலாம் என்று ஆசை ஆசையாய் விளங்கப்படுத்தினார். நாங்கள் கொட்டாவி விட்டோம்.

"சும்மா குடுக்கிற சாமான் எண்டால் இப்பிடித்தான் இருக்கும்" என்றான் என் அறைத் தோழன். "நிவாரண மா மாதிரி."

சொன்ன அவனும் கேட்டுச் சிரித்த நானும் நிவாரண மாவில் வளர்ந்தவர்கள். இடம்பெயர்ந்திருந்த ஸ்கந்தபுரத்தில், நிவாரணம் கொடுத்த சங்கக்கடை வரிசையில் நான் நின்ற நாட்களுக்குக் கணக்கில்லை. அந்த மாவில் புட்டு அவித்துத் தின்ற வாய்தான் இலவசம் என்றதும் கோணியது. உண்மையான காரணம் அதுகூட இல்லை. நாங்கள் கொண்டுபோன சினிமாப் பாட்டுச் சீடிகள் அந்தக் கணினிகளில் பாடவில்லை, கார் ஓட்டும் விளையாட்டு ஏறவில்லை. இதை மகஜரில் எழுத முடியுமா? 'மாணவரின் கல்வி நடவடிக்கைகள் பாரதூரமாகப் பாதிக்கப்படுவதால்' விண்டோஸ் வேண்டும் என்று எழுதினேன். என் தமிழ் அப்போதே நன்றாயிருந்தது.

அந்தக் கணினிகளை விரும்பியவள் ஒருத்தி இருந்தாள், என் வகுப்புத் தோழி. அவளுடைய குடும்பம் கொக்கிளாயிலிருந்து இடம்பெயர்ந்து முல்லைத்தீவுப் பக்கம் இருந்தது. இறுதியாண்டு ஆய்வுக்காகத் தங்கள் ஊர்ப் பழைய மீனவர்களைத் தேடிப்போய், எந்தக் கரையில் எந்தக் குடும்பம் வலை இழுத்தது என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள். பெயர்களும் கையால் கீறிய வரைபடமும் உள்ள கொப்பியோடு இராணுவத்தின் ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடப்பது லேசான காரியமில்லை. வந்து சேர்ந்தபோது விறைத்துப்போயிருந்தாள். எல்லாவற்றையும் நூலகக் கணினியில் அடித்து முடித்ததும், விடுதியைச் சோதித்தால் வம்பு என்று கொப்பியைக் கிழித்துக் குசினி அடுப்பில் போட்டாள். அதே பயத்தில் பிளாப்பியிலும் எடுத்து வைக்கவில்லை. லினக்ஸில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனிக் கடவுச்சொல்.

"என்ர சாமானை வேற ஒருத்தரும் திறக்கேலாது. இதைவிடப் பத்திரமான இடம் எங்க இருக்கு?" என்று என்னிடம் சொன்னாள்.

அவள் வீட்டுக்குப் போயிருந்த கிழமை மகஜரைக் கொடுத்தோம். முதல் கையெழுத்து என்னுடையது. விரிவுரையாளரும் அப்போது கொழும்பில் நின்றார். அலுவலகம் அதிசயமாய் உடனே அசைந்தது. டவுனில் கணினிக் கடை வைத்திருந்த ஒருவர் களவு விண்டோஸ் சீடியோடு வந்தார். தொடங்குவதற்கு முன் அவர் கேட்கத்தான் செய்தார், உள்ளே ஏதும் தேவையானது இருக்கிறதா என்று.

"ஒண்டுமில்லை அண்ணை, அழியுங்கோ" என்றேன்.

அவளைப் பற்றிய நினைப்பே எனக்கு வரவில்லை. ஒரே பின்னேரத்தில் ஆறு கணினிகளும் துடைக்கப்பட்டன. அறைத் தோழன் பாட்டுச் சீடியைக் கையில் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றான்.

திரும்பி வந்தவள் ஆறு கணினிகளுக்கு முன்னாலும் ஒவ்வொன்றாய் இருந்து தன் கணக்கைத் தேடினாள். பிறகு எழுந்து என்னிடம் வந்தாள்.

"நீங்களும் கையெழுத்து வைச்சனீங்களோ?"

"இல்லை" என்றேன். "நான் வேண்டாமெண்டுதான் சொன்னனான். இவங்கள் கேக்கேல்லை."

அவள் நம்பினாள். முதல் பொய்யையாவது பயத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்ததை யார் கேட்டது? நாக்கு தானாகவே சேர்த்துக்கொண்டது. அதை நினைக்கும்போதெல்லாம் வாயைக் கொப்பளிக்க வேண்டும்போல் இருக்கிறது.

மறுபடியும் அவள் முல்லைத்தீவுக்குப் போனாள். முன்பு கதைத்தவர்களில் இரண்டு கிழவர்கள் அதற்குள் காலமாகியிருந்தார்கள். அவர்கள் சொன்ன கரைகளைப் பற்றி வேறு யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. வரைபடத்தில் அந்த இடங்களை வெறுமையாக விட்டுத்தான் ஆய்வை எழுதினாள். தட்டச்சில் நான் வேகம் என்பதால், அவள் எழுதித் தரத் தர நானே அடித்துக் கொடுத்தேன். உதவி செய்கிற நல்ல பிள்ளை என்று வகுப்பில் எனக்குப் பெயரும் வந்தது.

கடைசியாக அவள் தந்த தாள் நன்றியுரை. தகவல் தந்த முதியவர்கள், பெற்றோர், அதன் பிறகு என் பெயர்: 'கணினிகளை அழிக்க வேண்டாமென்று தனித்து நின்று சொன்ன நண்பருக்கு.' அவள் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு எழுத்துப்பிழையும் இல்லாமல் அடித்தேன்.