வெட்டி எறிந்த ஓரங்கள்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டில் அம்மாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாள். பட்டுப்புடவையா, மோதிரமா என்று மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் பெரிய புத்திசாலித்தனமாக ஒன்று தோன்றியது. அப்பா பம்பாயில் வேலை பார்த்த காலத்தில் அம்மாவுக்கு எழுதிய இன்லண்ட் லெட்டர்கள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தன. அப்பா இறந்த பிறகு அதை யாரும் திறக்கவில்லை. பூச்சி அரிக்க ஆரம்பித்திருந்தது. எல்லாவற்றையும் ஆல்பமாக்கி, பேரப்பிள்ளைகள் காலம்வரை காப்பாற்றப் போகிறேன் என்று கிளம்பினேன்.

கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் நல்ல ஆல்பமாகப் பார்த்து வாங்கினேன். கடிதங்கள் பிளாஸ்டிக் உறைக்குள் போகவில்லை. மடித்து ஒட்டுகிற ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. அதுவும் கிழிந்து, பசை படிந்து, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. கத்தரிக்கோலை எடுத்தேன். ஓரத்தில் குறுக்காகப் பொடி எழுத்தில் இரண்டு வரி இருந்தது கண்ணில் படத்தான் செய்தது. இடம் போதாமல் 'எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்' என்று எழுதியிருப்பார், வேறென்ன? வெட்டியதைக் காகிதக் குப்பையோடு போட்டேன். குப்பை வண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது.

பிறந்தநாளன்று ஆல்பத்தைப் பார்த்து அம்மா அழுதுவிட்டாள். சொந்தக்காரர்களின் பாராட்டில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கடிதத்தைக்கூட விடவில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

கடைசியாகத்தான் ஆல்பம் அத்தை கைக்குப் போனது. அப்பாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்து, எங்களைச் சோறூட்டி வளர்த்தவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். மறுபடி முதலிலிருந்து திருப்பினார். ரசிக்கிறார் என்று நினைத்து, அந்தப் பாராட்டையும் வாங்கிக்கொள்ளப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"சைடுல ஒட்டுற மடிப்பு இருக்குமே, அது எங்கேம்மா?"

"கிழிஞ்சிருந்துச்சு அத்தே. கட் பண்ணிட்டேன்."

"அண்ணன் எனக்கு எழுதுறது அதுலதான்" என்றார்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகுதான் சொன்னாள். தங்கைக்குத் தனிக் கடிதம் போட்டால் பெண்டாட்டி முகம் கோணுமே என்று, அப்பா ஒவ்வொரு கடிதத்திலும் அந்த ஓரத்தை அத்தைக்கென்று ஒதுக்குவாராம். அண்ணிக்கு வந்த கடிதம் ஆயிற்றே என்று, அத்தை தன் வரிகளைப் படித்துவிட்டு டின்னிலேயே போட்டுவிடுவாராம்.

"வெட்டறதுக்கு முன்னாடி நீ படிச்சிருப்பியே கண்ணு, எதாச்சும் ஞாபகம் இருந்தா சொல்லேன்" என்றார் அத்தை.

நான் ஆல்பத்தில் கடிதங்களின் வெட்டுப்பட்ட விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஆல்பத்தை மூடி அம்மா மடியில் வைத்துவிட்டு, சாப்பாடு பரிமாற எழுந்து போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

குப்பை போய் ஒரு மாதம் ஆகிவிட்டது என்று தெரிந்தும், மறுநாள் காலை காகிதம் பிரிக்கிற மையத்துக்குப் போய் நின்றேன். எதைத் தேடுகிறேன் என்று அங்கிருந்த பெண் கேட்டபோது அதையும் சரியாகச் சொல்ல முடியவில்லை. நான்தான் படிக்கவே இல்லையே.

அத்தை இன்றும் எனக்குப் பிடித்ததைச் சமைத்து வைத்துக்கொண்டு கூப்பிடுகிறார். போய்ச் சாப்பிடுகிறேன். அவசரத்தில் வெட்டிவிட்டேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தாயிற்று. உண்மை அதுவல்ல. அந்த வீட்டில் அத்தைக்கென்று ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை; அதை நினைத்தால் இன்றைக்கும் அவர் கையால் வாங்கிச் சாப்பிடக் கூசுகிறது.