ஓட்டாத பைக்குக்கு என் பெயரில் கடன்

"உங்க மிஸஸுக்குப் பிரச்னை இல்ல சார். உங்க கிரெடிட் ஸ்கோர்தான் இடிக்குது" என்றார் பேங்க் மேனேஜர், போன மாதத்துக்கு முந்தின மாதம்.

எனக்குச் சுருக்கென்றது. ஒரு பைசா கடன் வாங்காதவன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன் நான். நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பத்தியிலேயே முன்பு இரண்டு முறை பீற்றியிருக்கிறேன்... உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம்.

விஷயம் இதுதான். கோட்டுச்சேரியில் ஒரு மாவு மில் விலைக்கு வந்தது. அதை வாங்கி நடத்த வேண்டும் என்று என் மனைவி சுமதிக்கு ரொம்ப நாள் ஆசை. கடன் அவள் பெயரில். கூடக் கையெழுத்துப் போடுவது நான். மில்காரர் மாதக் கடைசி வரை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு வேறு பார்ட்டிக்குக் கொடுத்துவிடுவாராம்.

வெளியே வந்ததும் சுமதி கேட்டாள். "அப்படி என்னதாங்க இருக்கு ஒங்க கடன் ரிப்போர்ட்ல?"

"தெரியலையே..."

"தெரியலன்னா எடுத்துப் பாக்க வேண்டியதுதானே?"

பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஐந்நூறு ரூபாய் கேட்டார்கள். நான் பர்ஸை எடுத்தேன். சுமதி கையைப் பிடித்துக்கொண்டாள். ரிப்போர்ட் தரும் கம்பெனி ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதியாம். பேங்க் சுவரில் போஸ்டராகவே ஒட்டியிருந்ததாம். அதே போஸ்டருக்குக் கீழேதான் நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

என் போனில் கம்பெனியின் சொந்த வெப்சைட்டைத் திறந்தாள். பான் நம்பர், பிறந்த தேதி, ஓ.டி.பி. நடுவில் மாதச் சந்தா கேட்டு ஒரு பெரிய பட்டன் பளபளத்தது. அதைச் சீண்டாமல், கீழே பொடி எழுத்தில் இருந்த ‘இலவசம்’ என்பதை அழுத்தினாள். பத்தே நிமிடம்!

டூவீலர் லோன். ஒரு தவணை பாக்கி — பல வருடங்களாக.

சைக்கிளைத் தாண்டி எதுவும் ஓட்டத் தெரியாத எனக்கு டூவீலர் லோனா?

பிறகுதான் உறைத்தது. எங்கள் காரைக்காலில் வண்டி வாங்கினால் வரி குறைவு. அதனால் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருக்கும் சொந்தபந்தமெல்லாம் நம் அட்ரஸில்தான் வாங்கும். ஒரு ஆதார் ஜெராக்ஸ், நாலு கையெழுத்து... முடியாது என்று சொல்ல முடியுமா? அப்படித்தான் நாகூரில் இருக்கும் மச்சினன் குமாருக்குப் போட்டுக் கொடுத்தேன். வண்டி என் பெயரில் என்றால் கடனும் என் பெயரில்தானே? அது மட்டும் என் மண்டையில் ஏறவே இல்லை.

சுமதி அங்கிருந்தே தம்பிக்கு போன் போட்டாள். "கடைசி டியூவ கட்டுனியாடா?"

"கட்டிட்டேன்க்கா. ரசீது இருக்கு. முடிஞ்சிதுன்னு லெட்டர் வாங்கத்தான் போவல."

"அத்தான்ட்ட பேசுறியா?"

"வேணாங்க்கா..."

ரசீதை வாட்ஸ்அப்பில் வரவழைத்து, அதே வெப்சைட்டில் புகார் பதிந்தாள். முப்பது நாள் வரை ஆகலாம் என்று பதில் வந்தது. மாதக் கடைசிக்கு இருந்ததோ இருபத்தாறு நாள். மில்லைத் தாண்டி பஸ் போகும்போதெல்லாம் சுமதி மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு அவமானமாக இருந்தது.

பதினாறாம் நாள் எஸ்.எம்.எஸ். வந்தது. கடன் முடிந்துவிட்டதாக ரிப்போர்ட்டைத் திருத்திவிட்டார்கள்! சுமதி சாப்பிடக்கூட இல்லை, நேரே பேங்க்குக்குக் கிளம்பினாள்.

மேனேஜர் புது ரிப்போர்ட்டை இரண்டு முறை பார்த்தார். "யாரு மேடம் செஞ்சு குடுத்தது?"

"நாந்தாங்க சார்."

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் மில் அவள் கைக்கு வந்தது. அவள் சுவிட்சைப் போட்டு மிஷின் ஓடத் தொடங்கியதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய் நெடி என்று சமாளித்தேன். அரைத்துக்கொண்டிருந்தது பச்சரிசி.

இப்போது மில்லுக்கு வரும் பெண்கள் ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் வீட்டுக்காரரின் போனோடு வருகிறார்கள். "அக்கா, இவரு யார் யாருக்குக் கையெழுத்துப் போட்டு வச்சிருக்காருன்னு பாத்துச் சொல்லுங்க."

சுமதி பார்த்துச் சொல்கிறாள். அரைக்கத்தான் காசு... ரிப்போர்ட் ஃப்ரீ!