பின்வரிசையில் நான்கு வாய்கள்

எபனேசர் மாஸ்டர் காலமான செய்தி கேட்டதும் நான் முதலில் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தொண்டையைச் செருமிவிட்டு, அடிக்குரலில் ஒரு வரி பாடிப் பார்த்தேன். ஓட்டமாவடியில் ஓர் இரும்புக் கடையில் தண்ணீர்க் குழாய் வாங்க நின்றபோது, பாடகர் குழுவின் வட்ஸ்அப்பில் செய்தி வந்தது. கடை முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "என்ன சேர், மீன் முள்ளு சிக்கிட்டா?" என்றார்.

மாஸ்டரை அறிந்த நீங்கள் இந்த வாரம் நிறைய நல்லது சொல்லிவிட்டீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் எங்கள் ஆலயப் பாடகர் குழுவை நடத்தியவர். எல்லோரும் ஒரே குரலில் இழுத்துக்கொண்டிருந்த கீர்த்தனைகளை நான்கு குரலுக்குப் பிரித்து எழுதியவர். அதையும் கல்முனை பஸ்ஸில் இருந்தபடி, பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில். இடது கை கீபோட்டில் ஓட, வலது கையால் எங்களை நடத்துவார். எல்லாம் உண்மை. ஆனால் எனக்கு அவரைப் பிடிக்காது. பதினொரு வருடமாகப் பிடிக்காது. செத்துப்போனார் என்பதற்காக இன்று பிடிக்கத் தொடங்கினால் அவரே நம்பமாட்டார்.

நான் சேர்ந்தது பின்வரிசையில், அடியில் ஓடும் கனத்த ஆண்குரலான பேஸில். நான்கு பேர் நின்றோம். இரண்டாவது வாரமே மாஸ்டர் என்னை ஆலயக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார்.

"மனே, ஒண்டு சொல்லுறன், கோவிக்கப்படாது. நீ வாயை மட்டும் அசை. சத்தம் வேணாம்."

"ஏன் மாஸ்டர்?"

"மத்த மூண்டு பேரும் பாடுவானுகள். நீ உயரமா இரிக்காய், வரிசைக்கு வடிவு. நாலு வரிசை நிண்டாத்தான் சனத்துக்கு நாலு குரல் கேக்கும். ஆருக்கும் சொல்லிப்போடாத, வெக்கம் உனக்குத்தான்."

மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. அவள் மூன்றாவது வரிசை வாங்கில் உட்கார்ந்து, என் சிவப்பு டையையும் திறந்த வாயையும் பெருமையோடு பார்ப்பாள். விலகியிருக்கலாம். ஒரு நாள் "இப்ப பாடு" என்பார் என்று காத்திருந்தேன். மானமுள்ளவன் இரண்டு மாதம் காத்திருப்பான்.

அவர் வாய் யாரையும் விட்டதில்லை. ஆல்டோ வரிசைப் பெண்களைப் பார்த்து, "அக்காமாரே, பாட்டுப் படிக்கிறீங்களா, புட்டு அவிக்கிறீங்களா?" என்பார். மேலே எட்டும் ஆண்குரலான டெனர் வரிசையில் ஒருவனை இனிப்புச் சூப்பியதற்காகவே வெளியே அனுப்பினார்.

குருக்கள்மடத்தில் ஒரு கரோல் நிகழ்ச்சி முடிந்ததும் பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, உங்கட அடிக்குரல் அப்பிடியே நெஞ்சுக்குள்ள இறங்கினது." நானும் வெட்கமில்லாமல் தலை குனிந்து, "கர்த்தருக்கே மகிமை" என்றேன். பக்கத்தில் கட்லட் தின்றுகொண்டிருந்த மாஸ்டர், "ஓம், இவர் சத்தத்தை வீணாக்கமாட்டார்" என்றார். திரும்பி வந்த வான் கல்லடிப் பாலம் தாண்டும்வரை நான் அவர் பக்கம் திரும்பவில்லை.

இதையெல்லாம் பொறுத்தேன். என் அப்பாவின் அடக்க ஆராதனையன்று நடந்ததைத்தான் பொறுக்கவில்லை. "மாஸ்டர், அப்பாவுக்கு ஒரேயொரு சரணம் பாடுறன்" என்று கெஞ்சினேன். அவர் என் தோளில் கை வைத்தார். "உங்கப்பா நல்ல மனிசன், மனே. அவருக்கு ஏன்?" என்றார். அன்றும் வாயை அசைத்தேன். அன்றைக்கே முடிவெடுத்தேன்: இந்த மனிசனின் பெட்டிக்கு முன்னால் நின்று ஒரு நாள் பாடுவேன்.

அதனால்தான் இரும்புக் கடையில் தொண்டையைச் செருமினேன்.

மாஸ்டரின் அடக்க ஆராதனையில் அவர் நான்கு குரலுக்குப் பிரித்து எழுதிய கீர்த்தனை ஒன்றையே எடுத்தோம். அவருடைய மகள் ஜெசி கை காட்டி எங்களை நடத்தினாள். கீபோட் துணி போர்த்தியபடி கிடந்தது. அதைத் தொட மாஸ்டர் யாரையும் விட்டதில்லை. முதல் சரணத்தில் பக்கத்தில் நிற்பவர்களின் சுருதியைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவதில் இறங்கலாம் என்று காதைக் கொடுத்தேன்.

ஒன்றுமே கேட்கவில்லை. முன்வரிசைக் குரல்கள் மேலே போயின. அடியில் ஆளில்லை. மெல்லத் திரும்பினேன். பக்கத்தில் யோகனின் வாய் மிக அழகாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவனுக்கு அப்பால் இருந்த இரண்டு வாய்களும் அப்படியே. இத்தனை காலம் நாங்கள் பேஸ் என்று நினைத்துக் கேட்டது மாஸ்டரின் இடது கை.

"உன்னையும் கிணத்தடிக்குக் கூப்பிட்டவரா?" என்றேன்.

"பதினேழு வருசம் மச்சான்" என்றான் யோகன். "நீ பாடுறாய் எண்டெல்லவா நினைச்சன்."

இரண்டாவது சரணத்தில் நாங்கள் நால்வரும் இறங்கினோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசிச் சரணம்வரை அடிவயிற்றிலிருந்து பாடினோம். என் கண்ணில் தண்ணீர் வந்தது. கோபம் என்றே எழுதிக்கொள்கிறேன். பெட்டிக்குள் இருந்தவருக்கு முதல் தடவையாகப் பதில் சொல்ல வழியில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு வித்தைதான்: சத்தம் வராமல் வாயசைப்பது. மனைவி ஏசும்போது இன்றும் உதவுகிறது.

ஜெசியின் கணவர் அந்தக் கீர்த்தனையைக் கைபேசியில் பதிந்து குழுவுக்கு அனுப்பியிருந்தார். மூன்று தடவை கேட்டேன். முதல் சரணம் மிக நன்றாக இருக்கிறது.